தண்ணீர் வராத நேரத்தில் குழாய்க்குள் என்ன நடக்கிறது?

சென்னையின் பழைய தெருக்களில் பல வீடுகளின் வாசலோரம் ஓர் அடிபம்பு நிற்கும். நிலத்தடி நீருக்காகப் போட்டது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். மெட்ரோ வாட்டர் குழாயோடு இணைத்த பம்பு அது. குழாயில் வரும் தண்ணீருக்குத் தானாக மேலேறும் விசை இல்லாததால் கையால் அடித்து இழுக்கிறார்கள். வசதியுள்ள வீட்டில் மோட்டார் இழுக்கிறது. எந்த ஊரானாலும் தண்ணீர் விடும் நாளில் தெரு முழுக்க மோட்டார்கள் ஒன்றாக இரைவதைக் கேட்டிருப்பீர்கள்.

இதைப் பற்றாக்குறையின் அடையாளமாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். நகரத் தண்ணீரைப் பற்றிக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைப் படித்தால், நாம் பயப்பட வேண்டிய இடமும் அதுதான் என்று தெரிகிறது.

பூமிக்கடியில் போகும் குடிநீர்க் குழாய் எதுவும் முழுக்க ஓட்டையில்லாமல் இருப்பதில்லை. இணைப்புகள் தளரும், இரும்பு துருப்பிடிக்கும், ரோடு போடுகிறவர்கள் உடைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே தண்ணீர் அழுத்தத்தோடு நிறைந்திருக்கும்வரை கசிவு வெளியே போகும். நஷ்டம் தண்ணீரோடு நிற்கும். வால்வை மூடியதும் எல்லாம் தலைகீழாகிறது. குழாய் காலியாக, சுற்றியுள்ள ஈரமண்ணில் இருப்பது மெல்ல உள்ளே வருகிறது. அந்த மண்ணில் என்ன இருக்கும் என்பது அந்தத் தெருவின் சாக்கடையைப் பொறுத்தது. பக்கத்தில் உடைந்த பாதாளச் சாக்கடைக் குழாய் ஓடலாம். அடித்தளம் பூசாத செப்டிக் டேங்க் இருக்கலாம். வீட்டு இணைப்புக் குழாயே திறந்த சாக்கடைக்குள் இறங்கி ஏறிப் போகலாம். அடுத்த முறை தண்ணீர் விடும்போது ஒரு தெருவின் மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உறிஞ்சினால், குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைந்து, அழுக்கு இன்னும் வேகமாக உள்ளே இழுபடும்.

பொறியாளர்களுக்கு இது புதிய செய்தியில்லை. ஆனால் இதனால் எவ்வளவு கெடுதல் என்று அளந்து காட்டியவர்கள் குறைவு. அந்த அளவீட்டுக்கு வாய்ப்பளித்தது வட கர்நாடகத்தில் உள்ள ஹூப்ளி–தார்வாட் இரட்டை நகரம்.

எட்டு வார்டுகள்

ஹூப்ளி–தார்வாடில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் வசிக்கிறார்கள். மலப்பிரபா அணையும் நீர்சாகர் ஏரியும் அவர்களுக்குத் தண்ணீர் தருகின்றன. நம் ஊர்களைப் போலவே அங்கும் சில நாட்களுக்கு ஒரு முறை, சில மணி நேரம்தான் தண்ணீர். 2007-08 வாக்கில் உலக வங்கி உதவியோடு எட்டு வார்டுகளில் மட்டும் பழைய குழாய்களுக்குப் பதிலாகப் புதியவை போட்டு, வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து, 24 மணி நேரமும் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். மற்ற வார்டுகளில் பழைய முறையே நீடித்தது. ஒரே ஊர், ஒரே தண்ணீர், அதே சுத்திகரிப்பு நிலையங்கள். வேறுபாடு குழாயிலும் நேரத்திலும் மட்டுமே. ஆய்வாளர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு எளிதில் அமையாது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த எமிலி கம்பெல், காரா நெல்சன் இருவரும் இரண்டு வகை வார்டுகளிலும் வீட்டுக் குழாய்களிலிருந்து ஓராண்டுக்கு மேல் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். அவர்கள் தேடியது ஈ.கோலை என்ற பாக்டீரியாவை. அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். 24 மணி நேரமும் தண்ணீர் வரும் வார்டுகளில் எடுத்த மாதிரிகளில் 0.7 சதவீதத்தில் அது இருந்தது. விட்டுவிட்டு வரும் வார்டுகளில் 31.7 சதவீதம். 2013-இல் வெளியான முடிவு இது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நன்றாகப் புறப்பட்ட தண்ணீர், வீடு வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில் கெட்டுப்போயிருக்கிறது.

அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வில், எந்த நேரத்தில் கெடுகிறது என்றும் பார்த்தார்கள். தண்ணீர் திறந்தவுடன் வரும் முதல் ஓட்டம் மோசமானது. காலியாகக் கிடந்த நாட்களில் குழாயில் சேர்ந்த அழுக்கையும், குழாய்ச் சுவரில் படிந்திருந்த கிருமிப் படலத்தையும் அது அரித்துக்கொண்டு வருகிறது. பிறகு ஓரளவு தெளிகிறது. அழுத்தம் விழும்போது மறுபடியும் கெடுகிறது. முதலில் கலங்கலாக வரும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் வாளியில் பிடித்துக் கழுவ வைத்துக்கொண்டு, தெளிந்த பிறகே குடத்தில் பிடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அம்மாக்களும் பாட்டிகளும் கண்ணால் பார்த்துக் கண்டுகொண்டதை ஆய்வகம் உறுதி செய்திருக்கிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீரும் கெட்டிருக்கலாம் என்பதைத்தான் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது.

இந்த வேறுபாடு குழந்தைகளின் உடம்பில் தெரிகிறதா? அய்ஷே எர்ஜுமென் என்ற ஆய்வாளர் முன்னின்று நடத்திய ஆய்வு அதைப் பார்த்தது. எட்டு வார்டுகளுக்கு ஒப்பான இன்னும் எட்டு வார்டுகளைத் தேர்ந்து, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள 3,922 வீடுகளில் ஓராண்டுக்கு மேல் தகவல் திரட்டினார்கள். 2015-இல் வந்த முடிவு எளிமையாக இல்லை. 24 மணி நேரத் தண்ணீர் வந்த வார்டுகளில் குழந்தைகளின் பொதுவான வயிற்றுப்போக்கு குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு ரத்தத்தோடு போகும் கழிச்சல் 37 சதவீதம் குறைவாக இருந்தது. டைபாய்டு வந்ததாகச் சொன்ன வீடுகள் 42 சதவீதம் குறைவு.

டைபாய்டு பற்றிய அந்த எண்ணை அலட்சியமாகக் கடக்க முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று, டெல்லி, கொல்கத்தா, வேலூர் நகரப் பகுதிகளிலும் புனே அருகே கிராமப்புறத்திலும் இடத்துக்கு 6,000 குழந்தைகள் வீதம் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. கிராமப்புறத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் 35 பேருக்கு டைபாய்டு. மூன்று நகரங்களில் அந்த எண்ணிக்கை 576 முதல் 1,173 வரை. குழாய் இணைப்பும் மருத்துவமனையும் பள்ளியும் அதிகம் உள்ள நகரத்தில்தான் மலத்தின் வழியே பரவும் காய்ச்சலும் அதிகம். நெருக்கமாக வாழ்கிறோம். கழிவும் குடிநீரும் அதே நெருக்கத்தில் ஓடுகின்றன.

கேன் தண்ணீர் காப்பாற்றுமா?

இந்த இடத்தில் நடுத்தர வர்க்கம் கண்டுகொண்ட வழி நமக்குத் தெரியும். கேன் வாட்டர், ஆர்.ஓ. மெஷின். குழாயை நம்ப முடியாவிட்டால் குடிக்கும் தண்ணீரை மட்டும் தனியே வாங்கிவிடலாம் என்ற கணக்கு. வேலூரின் நெரிசலான பகுதிகளில் 176 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து இந்தக் கணக்கையும் சோதித்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளின் வீடுகளில் பாட்டில் குடிநீர், இன்னொரு பகுதியில் நகராட்சித் தண்ணீர். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குழந்தைகளுக்கு நீடித்த வயிற்றுப்போக்கைத் தரக்கூடியது. அது இரு பிரிவிலும் ஒரே அளவில்தான் தொற்றியது. பாட்டில் தண்ணீரால் பயனில்லை.

காரணத்தைத் தேடுவது கடினமில்லை. குழந்தை தவழ்கிற தரை, தெருவில் விளையாடிவிட்டு வருகிற அண்ணனின் கால், பாத்திரம் கழுவும் நீர், ஈ, பச்சையாகத் தின்னும் காய் எல்லாம் கிருமிக்கு வழிகள்தான். டேவிட் பெரெண்டஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் வேலூரின் அதே மாதிரிப் பகுதிகளில் கழிவறைகளையும் சாக்கடைகளையும் ஆராய்ந்தார்கள். கழிவறை உள்ள வீட்டுக் குழந்தைகளுக்குப் பாக்டீரியா, ஒட்டுண்ணித் தொற்றுகள் குறைவு. ஆனால் வைரஸ் தொற்றும் வயிற்றுப்போக்கும் அப்படிக் குறையவில்லை. அங்கே பெரும்பாலான கழிவறைகளின் குழாய் நேரே தெருவின் திறந்த சாக்கடையில் முடிகிறது. வீட்டுக்குள் கண்ணுக்கு மறைந்த மலம் வாசலில் மறுபடி வெளிவருகிறது.

கழிவறை கட்டியாயிற்று என்று கணக்கெழுதி முடித்துவிடும் அரசாங்கங்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. மொசாம்பிக்கின் தலைநகர் மபூட்டோவிலும் இதே பாடம் கிடைத்திருக்கிறது. அங்கே பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் வளாகங்களில், பழைய குழிக் கழிப்பிடங்களுக்குப் பதில் செப்டிக் டேங்கோடு கூடிய பொதுக் கழிவறைகள் கட்டிக் கொடுத்து, ஈராண்டுகள் குழந்தைகளின் மலத்தைச் சோதித்தார்கள். மொத்தத்தில் குடல் தொற்று குறையவில்லை. ஆனால் புதிய கழிவறை வந்த பிறகு அந்த வளாகத்தில் பிறந்த குழந்தைகளிடம் ஷிகெல்லா கிருமி 51 சதவீதமும் சாட்டைப்புழு 49 சதவீதமும் குறைந்திருந்தன. வளாகம் திருந்தினாலும் தெரு திருந்தவில்லை. முதல் நாளிலிருந்தே மேலான சூழலில் பிறந்த குழந்தைக்கு மட்டும் கொஞ்சம் பாதுகாப்பு கிடைத்தது.

இந்த ஆய்வுகளைக் காட்டி, ‘கழிவறையாலும் தண்ணீராலும் பெரிய பயனில்லை’ என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. அரைகுறையாகச் செய்தால் அரைகுறைப் பலன் என்பதே இவை சொல்வது. ஒரு வீட்டுக்கு மட்டும், ஒரு வளாகத்துக்கு மட்டும், குடிக்கும் தண்ணீருக்கு மட்டும் என்று பிரித்துச் செய்யும் ஏற்பாடு நகரத்தில் பலிக்காது. பக்கத்து வீட்டின் செப்டிக் டேங்க் நம் வீட்டுக் குடிநீரின் ஒரு பகுதி.

செப்டிக் டேங்க் கழிவு எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களே அதிகம். பேரூராட்சிகள், நகராட்சிகள், ஏன் மாநகராட்சிகளின் விரிவாக்கப் பகுதிகளிலும் கழிவு தங்குவது வீட்டுக்கடியில் உள்ள தொட்டியில்தான். 2014-இல் தமிழக அரசு செப்டிக் டேங்க் கழிவு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2015 முதல் தமிழ்நாடு நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம், இந்திய மனிதக் குடியிருப்புகள் நிறுவனத்தின் தலைமையில், திருச்சியிலும் கோவைக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளிலும் வேலையைத் தொடங்கியது. அவர்கள் வீடுவீடாகப் போய்க் கண்டது இது: பல தொட்டிகளில் அறை பிரிக்கும் தடுப்புச் சுவர் இல்லை. அடியில் காரை பூசவில்லை. உறிஞ்சு குழி இல்லை. மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டதால் திறந்து பார்க்கவும் வழியில்லை. பெரிதாகக் கட்டினால் அடிக்கடி எடுக்க வேண்டாம் என்று கொத்தனாரும் வீட்டுக்காரரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். அடியில் பூசாத தொட்டி நிரம்புவதே இல்லை. பல ஆண்டுகள் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். உள்ளே போனது எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது என்பதே அதன் பொருள்.

நிரம்பும் தொட்டிகளைக் காலி செய்யும் லாரி, கழிவை எங்கே கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. கொட்ட இடம் இல்லாவிட்டால் ஏரிக்கரையும் ஓடையும் காலி மனையும்தான். இதை மாற்ற மதுராந்தகம் அருகே உள்ள கருங்குழியில் 2017-இல் ஒரு கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. கருங்குழி, மதுராந்தகம் பகுதித் தொட்டிகளின் கழிவை உலர்படுகைகளில் பரப்பிக் காயவைத்து, வடியும் நீரைத் தனியே சுத்திகரிக்கும் எளிய முறை. பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. அதன் பிறகு மாநிலத்தில் இப்படிப்பட்ட நிலையங்கள் பெருகியிருக்கின்றன. பெரிய ஊர்களில் இருக்கும் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களிலேயே லாரிகள் கழிவை இறக்க வழி செய்திருக்கிறார்கள். ஒரு மாநிலமாக இதில் நாம் முன்னால் நிற்கிறோம். அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

பின்தங்கிய இடத்தையும் அதே குரலில் சொல்ல வேண்டும். உரிய பாதுகாப்பு இல்லாமல் தொட்டிக்குள் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்துகொண்டே போகிறது. விஷவாயு தாக்கி இறந்தவர்கள் பற்றிய செய்தியும் நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கிறது. திறக்க முடியாத தொட்டியும், இயந்திரம் நுழையாத சந்தும், அவசரத்துக்குக் கூப்பிட்டால் வருகிற ஏழைத் தொழிலாளியும் ஒன்றுசேரும் இடத்தில் இந்த மரணங்கள் நடக்கின்றன. இறப்பவர்கள் யார், எந்தச் சாதி என்று எல்லோருக்கும் தெரியும். தொட்டியை ஒழுங்காகக் கட்டுவதும் முறை வைத்து இயந்திரத்தால் எடுப்பதும் உயிர் காக்கும் வேலை.

திருச்சியைப் பற்றி இன்னொன்று. அங்கே குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பிடங்கள் பலவற்றைப் பல ஆண்டுகளாக நடத்துபவர்கள் அந்தந்தப் பகுதிப் பெண்களின் குழுக்கள். கிராமாலயா போன்ற தொண்டு நிறுவனங்களின் துணையோடு தொடங்கிய ஏற்பாடு அது. பயன்படுத்துகிறவர்களிடம் சிறு கட்டணம் வாங்கி, தண்ணீரும் மின்சாரமும் துப்புரவும் பார்த்துக்கொள்கிறார்கள். பொதுக் கழிப்பிடம் என்றாலே ஆறே மாதத்தில் பூட்டு தொங்கும் என்று நாம் நினைக்கிறோம். இருட்டியபின் அங்கே போக வேண்டிய பெண்களே சாவியை வைத்திருந்தால் அது பூட்டிக் கிடப்பதில்லை.

பணம் எங்கே போகிறது?

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. அந்தக் காட்சியை உலகமே படம் பிடித்தது. பஞ்சம் வரும்போதெல்லாம் சென்னை புதிய ஊற்றைத் தேடியிருக்கிறது. 2004-இல் வீராணம் ஏரித் தண்ணீர் வந்தது. 2010-இல் மீஞ்சூரில் கடல்நீர் ஆலை, 2013-இல் நெம்மேலியில் இன்னொன்று, 2024-இல் நெம்மேலியிலேயே நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் திறனுள்ள மற்றொன்று. ஊற்று வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு லிட்டருக்கும் மின்சாரம் செலவழித்துக் கடல் உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீரை, விட்டுவிட்டு ஓடும் ஓட்டைக் குழாயில் அனுப்புவதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சென்னையின் தண்ணீரை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த வீணா சீனிவாசன், 2010-இல் தம் குழுவினரோடு வெளியிட்ட ஆய்வில் மூன்று வழிகளை ஒப்பிட்டார்: கடல்நீர் ஆலை, குழாய்க் கசிவைக் குறைத்துச் சிக்கனம் செய்வது, மழைநீர் சேகரிப்பு. பின்னிரண்டையும் இணைப்பதே ஊருக்குச் சிறந்தது என்பது அவர்களின் முடிவு. கசிவை அடைப்பதற்கு அடிக்கல் நாட்டு விழா கிடையாது. திறந்து வைக்கக் கட்டடமும் இல்லை. அதனால் அது எப்போதும் பட்ஜெட்டின் கடைசி வரிக்குப் போகிறது.

முடியாத காரியமா? கம்போடியத் தலைநகர் நாம்பென்னைப் பாருங்கள். போரில் நொறுங்கிய ஊர். 1993-இல் அங்கே சுத்திகரித்து அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதம் கசிவிலும் திருட்டிலும் கணக்கில்லாமல் போனது. தண்ணீர் வாரியத்தின் பொறுப்பேற்ற ஏக் சொன் சான், பழைய குழாய்களை மாற்றினார். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். லஞ்சம் வாங்கிய ஊழியர்களை விலக்கினார். கட்டணம் கட்டாத ராணுவ அதிகாரி ஒருவரின் இணைப்பைத் துண்டிக்கப் போனபோது தம் தலையில் துப்பாக்கி வைக்கப்பட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் மானியமும் தவணையும் தந்தார். தண்ணீர் வண்டிக்காரரிடம் பல மடங்கு விலை கொடுத்து வந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. சுமார் இருபது ஆண்டுகளில் இழப்பு 6 சதவீத அளவுக்கு இறங்கியது. ஊர் முழுக்க 24 மணி நேரமும் தண்ணீர். 2006-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. இந்தியாவிலும் பூரி நகரம் 2021-இல் குழாயில் நேரே பிடித்துக் குடிக்கும் தண்ணீரை 24 மணி நேரமும் தர ஆரம்பித்தது. கோவையில் 2018 முதல் அதே இலக்கோடு வேலை நடக்கிறது.

கோவையும் மற்ற ஊர்களும் ஹூப்ளியிடமிருந்து கற்க வேண்டிய இன்னொரு பாடமும் உண்டு. அங்கே மீட்டர் வந்தபிறகு ஏழை வீடுகளின் கட்டணச் சுமை கூடியதை இஷா ரேயும் சக ஆய்வாளர்களும் பதிவு செய்தார்கள். தண்ணீர் சுத்தமாகும்போது அதிகப் பயன் பெறுவது ஏழைக் குழந்தைகள் என்பதை முன்பே பார்த்தோம். அந்தக் குழந்தையின் வீடு ‘பில்’லுக்குப் பயந்து குழாயை மூடி வைத்தால் ஆய்வு, குழாய், கடன் எல்லாமே வீண். ஆரம்ப அளவு இலவசம் அல்லது பெயரளவுக் கட்டணம், அதற்கு மேல் ஏறுமுகக் கட்டணம் என்று வைப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. பெரிய வீட்டின் சம்ப்பையும் தோட்டத்தையும் நிரப்பும் தண்ணீருக்கு உரிய விலை வாங்கினாலே போதும்.

உலக அளவில், 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி, 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லை. 350 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான கழிவகற்றும் வசதி இல்லை. ஐ.நா. அமைப்புகள் இதை எண்ணும்போது, குழாய் இருந்தால் மட்டும் போதாது என்று வைத்திருக்கின்றன. வீட்டிலேயே, தேவைப்படும் நேரத்தில், மாசில்லாமல் கிடைக்க வேண்டும். நம் உள்ளாட்சிகளின் அறிக்கைகளில் இணைப்புகளின் எண்ணிக்கை பெரிய எழுத்தில் இருக்கிறது. நேரமும் அழுத்தமும் சோதனை முடிவுகளும் எளிதில் கண்ணில் படுவதில்லை.

2022 முதல் தமிழ்நாட்டின் நகரங்களில் பகுதி சபைகள் நடக்கின்றன. அடுத்த முறை உங்கள் பகுதியில் கூடும்போது போய் நான்கு கேள்விகள் கேளுங்கள். நம் தெருக் குழாயில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கிறது? நம் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் அளவு, தர விதி சொல்லும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கிறதா, கடைசியாக எப்போது சோதித்தார்கள்? சாக்கடையைக் கடந்து போகும் குடிநீர் இணைப்புகள் எத்தனை, அவற்றை எப்போது மாற்றுவார்கள்? நம் தொட்டிக் கழிவை எடுத்த லாரி அதை எங்கே இறக்கியது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேளுங்கள்.